சோறு வந்த வழி

நேற்று மருமகன் அரிசி மூட்டை வாங்கிவந்து கூடத்தில் போட்டான். மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலுக்குச் சரியான முனை ஒன்று உண்டு. அதைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் கையோடு வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் முடிச்சு விழும். பிறகு பல்லால் கடித்து, கத்தியைத் தேடி, காலைப் பொழுதே போய்விடும். “கத்திரிக்கோல் எடுத்தாரட்டா அத்த?” என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் மூட்டையின் வாய் திறந்துவிட்டது. இதற்கெல்லாம் ஒரு மனுஷி பெருமைப்படலாமா என்றால், நான் படுவேன்.

உருவிய நூலை விரலில் சுற்ற ஆரம்பித்தேன். “இத இன்னாத்துக்கும்மா சுத்தி வெக்கிற?” என்றாள் மகள். சுற்றிக்கொண்டே இருந்தேன். நூல் விரலில் ஏற ஏற, பழைய கலக்கம் ஒன்று எழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அது அடங்கவில்லை. நான் சத்துணவு சமைத்த பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் அப்படி ஒரு நூல் உருண்டை என்னிடம் இருந்தது. அதை வைத்து ஒரு டீச்சர் பாடம் நடத்தினார். அந்தப் பாடம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் செஞ்சிக் கோட்டைக்குப் பின்பக்கம். ராஜகிரி மலை வெயிலை வாங்கிப் பாதியை எங்கள் கூரைமேல் கொட்டும். மாசி பிறந்துவிட்டால் உலைக்கு அடுப்பு எதற்கு, பாறைமேல் வைத்தாலே போதும் என்று நானே சொல்வேன். கோட்டைக் குரங்குகளும் எங்களோடுதான் படித்தன. மணி அடிப்பது எங்களுக்கு முன்னால் அவற்றுக்குக் கேட்டுவிடும். சமையல்கட்டுக்கும் ஏழாம் வகுப்புக்கும் ஒரே சுவர். மேலே காற்றுப் போக ஓட்டை விட்டிருந்தார்கள். அந்த வழியாகப் புகை அவர்களுக்குப் போகும், பாடம் எனக்கு வரும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவேன், பஸ் போன பிறகு. ஆனால் காது நன்றாகப் படிக்கும்.

ஸ்டெல்லா டீச்சர் வரும்வரை அந்தச் சுவர் வழியாக வந்ததெல்லாம் ஒரே மாதிரிதான். ஒருவர் சொல்வார், நாற்பது வாய் திருப்பிச் சொல்லும். இந்த டீச்சருக்குப் பனமலைப் பக்கம், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருக்கிற ஊர். மெலிந்த உடம்பு, பெரிய கைப்பை, உட்காரவே மாட்டார். அவர் வந்ததிலிருந்து சுவர் வழியாகச் சத்தம்தான் வந்தது. ஒருநாள் வகுப்புக்குள் சந்தை போட்டார். பாதிப் பிள்ளைகள் விற்கிறவர்கள், பாதி வாங்குகிறவர்கள், நடுவில் இரண்டு தரகர்கள். எச்.எம். சார் ஓடிவந்து, “டீச்சர், இது கிளாஸா சந்தையா?” என்றார். “இன்னைக்குச் சந்ததான் சார் பாடம்” என்றார் இவர். இன்னொரு நாள், வீட்டில் அம்மா செய்கிற வேலைக்கு ஒரு கூழாங்கல், அப்பா செய்கிற வேலைக்கு ஒரு கூழாங்கல் என்று குவிக்கச் சொன்னார். அம்மா பக்கம் குன்று மாதிரி ஏறிவிட்டது. பையன்களுக்கு மானம் போகிறதே என்று, டீச்சர் திரும்பிய நேரத்தில் அம்மா குவியலிலிருந்து கல்லை எடுத்து அப்பா குவியலில் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, “இப்பப் பண்ணீங்களே, இதுவும் பாடத்துல வரும்” என்றார். நான் இந்தப் பக்கம் சிரித்ததில் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

“இன்னா பாடம் டீச்சர் இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சமூகவியல் ஆயாம்மா. யாரு யாரோட எப்படி இருக்காங்க, ஏன் அப்படி இருக்காங்கன்னு பாக்கறது.”

“இதுக்குப் படிப்பு வேறயா? எங்க தெருவுல அத்தினி பேரும் பாஸு” என்றேன்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவு பயமில்லாத சிரிப்பு எனக்கு அப்போதே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

ஏன் என்று சொல்லவேண்டும். நான் காலனிக்காரி. பள்ளிக்கூடத்தில் சாப்பிடும் பிள்ளைகளில் முக்கால்வாசி ஊர்த்தெருப் பிள்ளைகள். என் கையால்தான் சாப்பிடுகிறார்கள் என்று ஊர்த்தெருவில் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்டதில்லை. பிள்ளை வீட்டுக்குப் போனால், “சாப்டியா?” “சாப்டேன்.” “எங்க?” “ஸ்கூல்ல.” பேச்சு அங்கே நின்றுவிடும். யார் சமைத்தது என்கிற கேள்வி வாயில் வராது. வந்தால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். அதனால் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு கேள்வியை விழுங்கி வைத்திருந்தது. என் பங்குக்கு நானும் விழுங்கினேன். ஊர்த்தெரு வழியாக வரமாட்டேன். பின்பக்கப் பாறை ஏறி இறங்கி வந்து, அந்த வழியாகவே போவேன். வருவதை யாரும் பார்க்க வேண்டாம், பார்த்துவிட்டு யோசிக்க வேண்டாம். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் மகளுக்கும் அந்த வேலைதான் சோறு. நான் சமைத்த குழம்பை நக்கிச் சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை எனக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

ஒருநாள் காலை, உலை வைத்திருக்கும்போது டீச்சர் வந்து நின்றார். “ஆயாம்மா, மூட்டை நூல் சுத்தி வெச்சிருக்கீங்களாமே, குடுங்க. நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு டீச்சர்?”

“நீங்க இல்லாம இந்தப் பாடம் முடியாது.”

சொன்னால் சிரிப்பீர்கள். கையைக் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகி, முகத்தையும் துடைத்துக்கொண்டுதான் போனேன். வகுப்புக்குள் பாடம் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். தட்டுக்கு வரும் சோறு எங்கிருந்து கிளம்பி எப்படி வருகிறது என்பதுதான் விளையாட்டு. ஒருவன் விவசாயி, ஒருத்தி அறுப்பு அறுக்கிறவள், ஒருவன் அரைவை மில்லு, ஒருவன் லாரி டிரைவர். ஒவ்வொருவரும் நூலைப் பிடித்துக்கொண்டு உருண்டையை அடுத்தவரிடம் உருட்ட வேண்டும். சும்மா ‘விவசாயி’ என்று சொன்னால் போதாது. உங்களுக்குத் தெரிந்த ஆள் பெயரையும் தெருவையும் சொல்ல வேண்டும். “பேரில்லாத ஆளு சமூகத்துல கிடையாது” என்றார் டீச்சர். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒருவன் மில்லுக்காரர் பெயரோடு அவர் தொப்பையையும் சேர்த்துச் சொன்னான்.

கடைசியில் உருண்டை என் காலடியில் வந்து நின்றது. எடுத்துக்கொண்டேன்.

“இவங்க யாரு?”

“ஆயாம்மா!” என்று கத்தினார்கள்.

“ஆயாம்மாங்கறது வேலை. பேரு?”

முன்னால் நின்ற செல்வி என் பெயரைச் சொன்னாள். ஊர்த்தெருப் பிள்ளை, கூலிக்கு நாற்று நடும் அஞ்சலையின் மகள். தட்டை எப்போதும் இரண்டு கையால் ஏந்துகிறவள். அவள் வாயில் என் பெயர் அழகாகத்தான் இருந்தது.

“தெரு?”

வெளியே குரங்கு ஒன்று ஓட்டின்மேல் ஓடியது. பிறகு எங்கள் தெருப் பையன் ஒருவன், “எங்க தெரு டீச்சர். காலனி” என்றான்.

“சரி. இப்ப எல்லாரும் நூல இழுத்துப் புடிங்க. ஒருத்தர் விட்டா இன்னா ஆவுதுன்னு பாருங்க.” ஒருத்தி விட்டாள். வட்டம் முழுக்கத் தொய்ந்துபோய்ப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் டீச்சர் சொன்னார்: “இன்னைக்கு வீட்டுக்குப் போயி, சாப்பிடும்போது இத அம்மா அப்பாகிட்ட சொல்லணும். யார்யார் கை பட்டு நம்ம சோறு வருதுன்னு. பேரோட, தெருவோட.”

வகுப்பு முடிந்ததும் டீச்சரை மடக்கினேன்.

“வீட்ல சொல்ற பாடம் மட்டும் வேணாம் டீச்சர்.”

“ஏன் ஆயாம்மா? நல்ல பாடம்தான?”

“நல்ல பாடம்தான்...”

காரணத்தை நானே என் வாயால் சொல்ல வேண்டும். அந்த அவமானத்தை அதுவரை யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. “ஒண்ணுமில்ல டீச்சர்” என்று பானை கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் எப்போதும்போல அரிசி அளந்து போட்டேன். வடித்து, குழம்பு இறக்கி, கரண்டியோடு வாசலில் நின்றேன். மணி அடித்தது. மணி அடித்தால் தட்டுச் சத்தம் வரவேண்டும். தகரமும் எவர்சில்வரும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடிவருகிற அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மேளம் மாதிரி. அன்றைக்கு வந்தது கால்வாசித் தட்டுச் சத்தம்தான். எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள். ஊர்த்தெருப் பிள்ளைகள் புங்கமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பிள்ளைகள் திரும்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கழுத்தெல்லாம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்டாவில் சோறு முக்கால்வாசி அப்படியே இருந்தது. என் சோறு மீந்து நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எச்.எம். சார் சமையல்கட்டு வாசலில் வந்து, உள்ளே பார்க்காமல், மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“கொஞ்ச நாளைக்கு வேற ஊரு ஸ்கூலுக்கு மாத்திக்கிறியாம்மா? நீயே கேட்ட மாதிரி இருக்கும்.”

“நான் இன்னா சார் தப்பா சமைச்சேன்?”

“சமையல்ல ஒண்ணுமில்லம்மா. எனக்கும் டென்ஷன்தான். சாப்பிடற புள்ளைங்க கொறஞ்சா மேல இருந்து கேப்பாங்க. ஊர்ல இப்பவே கூட்டம் போட்டுப் பேசறாங்க.”

வேற ஊர் என்றால் தளவானூரோ எதுவோ. விடியலில் பஸ் பிடிக்க வேண்டும், மகளைத் தனியே விட வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. அங்கேயும் ஓர் ஊர்த்தெரு இருக்குமே. அங்கே கேள்வியை விழுங்க அவர்களுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ! எனக்குத் தூக்கம் போயிற்று. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று மூன்று தடவை நக்கிப் பார்த்தேன். நாக்கிலும் ஒன்றும் தெரியவில்லை.

டீச்சருக்கு எல்லாம் அதற்குள் புரிந்துவிட்டது. அவர் முகம் கறுத்துப்போயிற்று. மத்தியானம் சமையல்கட்டுக்குள் வந்து மணையைப் போட்டு உட்கார்ந்து, “எனக்குப் போடுங்க ஆயாம்மா” என்று சாப்பிட ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது.

“நீங்க சாப்ட்டா சரியாப் பூடுமா டீச்சர்?”

“சரியாவாது. ஆனா நான் வேற எங்க போயிச் சாப்பிடறது?” என்றார். சோற்றைப் பிசைந்த கை நின்றது. “நான் மறைச்சு வெச்சுப் பாடம் நடத்தியிருக்கணுமா ஆயாம்மா?”

தெரியவில்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். அந்த வாரம் சுவர் வழியாகப் பழைய சத்தம் மறுபடியும் வந்தது. அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். புத்தகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு அது இன்னும் கலக்கமாக இருந்தது.

இதற்கு நடுவில் செல்வியை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவளும் டிபன் பாக்ஸ் கொண்டுவந்தாள். ஆனால் வட்டத்தில் உட்காரமாட்டாள். கொஞ்சம் தள்ளி, மரத்துக்கு முதுகைக் காட்டி, மூடியைப் பாதி திறந்து, குனிந்து குனிந்து சாப்பிடுவாள். கை வாய்க்குப் போகும், வரும். ரொம்ப நேரம் மெல்லுவாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தக் குரங்கு வந்தது. கோட்டைக் குரங்குகளுக்கு டிபன் பாக்ஸ் என்றால் திருவிழா. அந்த வாரம் முழுக்கக் கிளையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரு கிழட்டுக் கடுவன் குதித்து வந்து செல்வியின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டின்மேல் ஏறிவிட்டது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். “செல்வி சோறு போச்சு! செல்வி சோறு போச்சு!” குரங்கு மூடியைத் தூக்கியெறிந்தது. உள்ளே கையை விட்டது. பிறகு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியது. ஒன்றும் விழவில்லை. ஒரு பருக்கைகூட இல்லை. முகத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தது. பார்த்துவிட்டு, ஏமாந்த ஆத்திரத்தில் டப்பாவைத் தரையில் வீசி எறிந்தது. டப்பா உருண்டு வந்து பிள்ளைகள் வட்டத்துக்கு நடுவில் மல்லாந்து நின்றது.

சிரிப்பு நின்றுபோயிற்று. செல்வி டப்பாவைப் பொறுக்கவில்லை. மூடியை மட்டும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

என் கையில் கரண்டி, பின்னால் அண்டா நிறையச் சோறு. நாலு எட்டு வைத்தால் அவளிடம் போய்விடலாம். போகமுடியவில்லை. என் கையிலிருந்து வாங்கக்கூடாது என்பதற்குத்தானே, போட்டனுப்பச் சோறில்லாத வீட்டிலிருந்து அந்தக் காலி டப்பா. நான் கொண்டுபோய் நீட்டினால் வீட்டில் தாத்தா கையால் அடி விழுவது அவளுக்கு. அந்த மத்தியானம் எப்படிப் பொழுது போனது என்று கேட்காதீர்கள்.

மறுநாள் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அஞ்சலை வந்தாள். நடவு வயலிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு, கையில் மகளின் சட்டைக் காலர். இரண்டு பேரும் ஒரே வயலில் ஒரு காலத்தில் நாற்று நட்டவர்கள்தான். என்னைவிட இளையவள். ஆனாலும் அவள் என்னை நீ என்பாள், நான் அவளை நீங்க என்பேன். அந்த ஊர் வழக்கு அது. தொலைந்தது வேலை என்று நினைத்தேன்.

“எங்க அந்த டீச்சர்?” என்றாள். டீச்சர் வெளியே வந்தார். எச்.எம். சார் அவருக்குப் பின்னால் வந்து, பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

“கயிறு புடிச்சி இன்னாவோ வெளையாட்டு ஆடுனியாமே. சோறு எப்டி வருதுன்னு. விவசாயின்னு யாரு பேரச் சொன்னாங்க?”

டீச்சர் தடுமாறி, பெரிய வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்.

“அவுரா? அவுரு வரப்பு மேல கொடை புடிச்சிக்கினு நிக்கிறவுரு. அந்தக் கழனியில நாத்து நட்டவ நானு. களை எடுத்தவ நானு. எம் மவளே என் பேரச் சொல்லல. நீயும் கேக்கல. இன்னா பாடம் நடத்துற நீ?”

டீச்சர்தான் முதலில் சுதாரித்தார். “தப்புத்தாங்க. உள்ள வாங்க, திருப்பி ஆடலாம்” என்றார். அஞ்சலை சேற்றுக் காலோடு வகுப்புக்குள் போனாள். நூல் உருண்டையை எடுத்துக் கொடுத்தது நான்தான். விவசாயிக்கும் அறுப்பு அறுக்கிறவளுக்கும் நடுவில் நின்று, அவள் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள். தெருவையும் சொன்னாள். நூல் மில்லுக்குப் போய், லாரிக்குப் போய், சுற்றி என்னிடம் வந்தது. இந்தத் தடவை என் பெயரையும் தெருவையும் நானே சொன்னேன். அஞ்சலை நூலை இழுத்துப் பார்த்தாள். என் விரலில் அந்த இழுப்பு வந்து சேர்ந்தது.

மணி அடித்தது. அஞ்சலை மகளின் கையில் ஒரு தட்டைத் திணித்துச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“உங்க மாமனாரு...” என்றேன் மெதுவாக.

“அவுரு கேட்டா, ஸ்கூல்ல சாப்டாள்னு சொல்லிக்கிறேன். எவ ஆக்குனான்னு கேக்கமாட்டாரு. கேட்டா நான் பதில் சொல்லிடுவேன்னு அவுருக்குப் பயம்” என்றாள். பிறகு, நான் அண்டா முன்னால் மரம் மாதிரி நிற்பதைப் பார்த்து, “கொழம்ப ஊத்துக்கா, பாத்துக்கினே நிக்கிற. புள்ள பசியில கெடக்குது” என்றாள்.

அக்கா என்றது அவசரத்திலா மறதியிலா, தெரியாது. மறுநாள் வழியில் பார்த்தபோது பழையபடி “ஏ” தான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடியும்வரை டிபன் பாக்ஸோடுதான் வந்தார்கள். ஊர் மறுபடியும் கேள்வியை விழுங்கிக்கொண்டது. என் மாற்றல் பேச்சை எச்.எம். சார் எடுக்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் மறுபடியும் சத்தம் போட்டுப் பாடம் நடத்தினார். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். போகும்போது, “பாத்து நடத்துங்க டீச்சர்” என்று அவருக்குப் புத்தி சொன்னேன். “பாக்கறதுதான் ஆயாம்மா பாடமே” என்று சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை, கொஞ்சம் பயம் கலந்த சிரிப்பு. எனக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்ததை எண்ணி இப்போது வருத்தப்படுகிறேன்.

நான் ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் இருக்கிறது. ஏழாம் வகுப்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், உட்கார ஆளில்லை. ஊர்த்தெருவிலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் பிள்ளைகள் வேன் ஏறிச் செஞ்சியில் காசு கட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். ஒரே வேன்தான், பக்கத்துப் பக்கத்து சீட்டுதான். மடியில் ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா. கோபித்துக்கொண்டு போன பிள்ளைகளாக இருந்தால் காத்திருக்கலாம், ஒருநாள் திரும்புவார்கள். இவர்கள் யாரோடும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

போன வாரம் வேன் நிற்கிற இடத்தில் செல்வியைப் பார்த்தேன். தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் சின்ன மகள், அந்தப் பிள்ளை கழுத்தில் டை.

“ஆயாம்மா, நல்லாக்கிறியா?” என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“யாரும்மா இது?”

“எனக்குச் சோறு போட்டவங்கடி” என்றாள், அத்தனை பேர் நிற்கும் இடத்தில், சத்தமாக.

“எங்க?”

“ஸ்கூல்ல.”

பிள்ளை நெற்றியைச் சுருக்கி யோசித்தது. “ஸ்கூல்ல எதுக்கும்மா சோறு போடுவாங்க?” என்றது.

செல்வி என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் வேன் ஹாரன் அடித்தது. பிள்ளை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டது.